குழாயில் சாக்கடை வந்தால் அது செய்தி

அடையாறில் மாவு மில்லுக்கு மேலே இயங்கும் சமுதாய வானொலியில் நான் ஒலிப்பதிவாளன். சுற்றிலும் நாலைந்து கிலோமீட்டருக்குக் கேட்டால் பெரிது. எங்களை மாதிரி வானொலிகள் செய்தி சொல்லக்கூடாது என்பது அரசாங்க விதி. அரசு அலுவலகம் அனுப்பும் அறிவிப்பை வாசிக்கலாம். தண்ணீர் வரும் என்று அவர்கள் எழுதிக்கொடுத்தால் அது அறிவிப்பு. வரவில்லை என்று நாம் சொன்னால் செய்தி. என்ன மூளையப்பா!

எங்கள் சமையல் நிகழ்ச்சியை நடத்துபவர், கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அக்கா. ஒருநாள் கண் சிவந்து வந்தார். தெருக் குழாயில் சாக்கடை கலந்து, அவர் மகளுக்கு வாந்தி பேதி. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. தெருவே இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

“இத்த இன்னிக்கி ரேடியோல சொல்லணும் சார்,” என்றார் நிலையத் தலைவரிடம். தலைவர் மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெற்ற பேராசிரியர். கருத்துச் சுதந்திரம் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்.

“அது செய்தி ஆயிடும்மா. லைசென்ஸைப் பிடுங்கிண்டு போயிடுவா. நீ பேசாம சமையல் குறிப்பு சொல்லு.”

அக்கா நேரலையில் உட்கார்ந்தார்.

“இன்னிக்கி வஞ்சிரம் வறுவல். மொதல்ல மீன கழுவணும். எங்க தெரு கொழாத் தண்ணில மட்டும் கழுவிடாதீங்க. சாக்கட கலந்து வருது. எம் பொண்ணு ஆஸ்பத்திரில கீறா. அத்த யாரும் குடிக்காதீங்க, சொல்லிட்டேன்.”

“கட் பண்ணுடா, கட் பண்ணு!” என்று தலைவர் என் பக்கத்தில் நின்று குதித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காது கேட்காத மாதிரி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். தெருவில் பிளீச்சிங் பவுடரைத் தூவினார்கள், குழாயைத் தொடவில்லை. நேராக எங்கள் மாடிக்கு ஏறி ஓர் அறிவிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். குடிநீர் சுத்தமாக உள்ளதாம், வதந்திகளை நம்ப வேண்டாமாம். விதிப்படி இதை வாசிக்கலாம்.

தலைவர் வாசிக்கச் சொன்னபோது அக்கா மறுத்துவிட்டார். “அவனுங்க எங்க தெருவுக்கு வந்து ஒரு கிளாஸ் குடிக்கட்டும் சார். அப்பால படிக்கிறேன்.”

தலைவரே ஸ்டுடியோவுக்குள் போனார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிட்டு வெளியே வந்தார்.

“எப்படி வந்ததுடா?”

“பிரமாதம் சார்,” என்றேன்.

மைக்கை நான் திறக்கவே இல்லை. அந்த நேரத்தில் ரேடியோவில் போய்க்கொண்டிருந்தது, முந்தைய நாள் சமையல் நிகழ்ச்சியின் மறு ஒலிபரப்பு.