ஷோபனாவின் சிபியு ஆவடிக்குப் போன நாள்

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் ஷோபனாவின் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், பாவம், கம்ப்யூட்டர் கெட்டுப்போய்க் கிடக்கிறது என்றே நினைப்பார்கள். மானிட்டர் கறுத்திருக்கும். அதன் தலையில் மாமியார் வேம்புலியம்மாளின் ஈரத்துண்டு காயும். ஷோபனாவோ அவள் பாட்டுக்குக் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்கு மானிட்டர் எதற்கு? திரையில் வருவதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று அவள் காதோடு பேசும். அவள் விரல்கள் பதில் சொல்லும்.

பார்வை இல்லை என்றால் போன ஜென்மத்துப் பாவம் என்று சொல்ல நம் ஊரில் கூச்சப்படாதவர்கள் நிறைய. சிறுமியாக இருந்தபோது ஷோபனாவிடமே ஒருவர் சொன்னார். "போன ஜென்மத்துல நான் இன்னா பண்ணேன்னு உனக்கு எப்டித் தெரியும்? கூட இருந்தியா?" என்று கேட்டுவிட்டாள். அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த அவள் அம்மா, அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மகளைப் பூந்தமல்லிப் பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பினாள். இவ்வளவு வாயுள்ள பிள்ளை வீட்டில் சும்மா உட்காரக் கூடாது என்று.

படிப்பு முடிந்தது. கல்யாணமும் ஆனது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் மோகன்தான் மாப்பிள்ளை. வேலைதான் வரவில்லை. கடைசியில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. கூட்டங்களில், வகுப்புகளில் பேசுவதைப் பதிவு செய்து அனுப்புவார்கள்; கேட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும். அவள் காதுக்காகவே செய்து வைத்தது போன்ற வேலை. ஆனால் ஆன்லைன் தேர்வில் தோற்றாள். ஒரு எழுத்தைத் தட்டினால், அதைச் சொல்லும் குரல் அவள் அடுத்த வரிக்குப் போன பிறகுதான் வந்து சேர்ந்தது. பழைய கம்ப்யூட்டர் அப்படித் திணறியது. கம்பெனி கொடுத்த தீர்ப்பு: "பார்வை இல்லாதவங்களுக்கு இந்த வேலை ஒத்துவராது."

குற்றம் இயந்திரத்தில், பழி கண்ணில்! இந்த நாட்டில் இப்படி எத்தனை பேர் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்? ஷோபனா திரும்பவில்லை. போனைப் போட்டு, "லேட்டானது என் கண்ணு இல்ல சார், கம்ப்யூட்டர். சரி பண்ணிட்டு வரேன், திரும்பவும் டெஸ்ட் வைங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள். திங்கட்கிழமை என்றார்கள். இனி இன்னொரு தடவை கிடையாது என்றும் சொன்னார்கள்.

புதுசு வாங்க வழியில்லை. ஏதாவது ஒரு பாகத்தை மட்டும்தான் மாற்ற முடியும். தவறான பாகத்தை வாங்கினால் வேலையும் போச்சு. எதை மாற்றுவது?

"மெமரி பத்தல, ராம் போடச் சொல்றானுங்க எங்க கம்பெனில," என்றான் மோகன்.

"கண்ணு பட்டுப்போச்சுடி. ஒரு எலுமிச்சம்பழத்த சுத்திப் போட்டா சரியாப்பூடும்," என்றாள் வேம்புலியம்மாள்.

"அத ஊறுகா போடு அத்தே. சோத்துக்காவது ஆவும்."

ஷோபனா சிபியுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள். காற்றாடி சீராகச் சுற்றியது. ஆனால் உள்ளே ஹார்டு டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருந்தது. எதையும் திறக்கும் முன்பே அரைத்தது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் குரல் வந்தது. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து கேட்டாள். ராம் பாதிக்குக் கொஞ்சம் மேல். டிஸ்க் நூற்றுக்கு நூறு.

"இங்க வாய்யா, காத வை. உன் லேத்து இப்டிக் கத்துனா இன்னா பண்ணுவ?"

மோகன் காதை வைத்தான். "டூலை மாத்துவேன்," என்றான்.

ஞாயிறு காலை சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஆவடிக்குப் போனார்கள். கடைக்காரர் ஞானசேகரன் மோகனைப் பார்த்து, "மேடத்துக்கு இன்னா வேணுமாம் சார்?" என்றார்.

"மேடத்துக்கு வாய் கீது அண்ணாத்தே. மேடத்தாண்ட கேளு," என்றாள் ஷோபனா.

அவர் திடுக்கிட்டாலும் வியாபாரத்தை விடவில்லை. "ராம் ஏத்துங்க மேடம். கூட ஒரு கிராபிக்ஸ் கார்டு. படமெல்லாம் கண்ணாடி மாதிரித் தெரியும்."

"எனக்கா?"

மோகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஞானசேகரன் தலையைச் சொறிந்தார். "சரி, கார்டு வேணாம். ராம் போட்டாப் பறக்கும். பந்தயம்!"

"தொட்டி பாதி காலியா கீது, இன்னொரு தொட்டி எதுக்கு? குழாதான் சொட்டுச் சொட்டா ஊத்துது. டிஸ்க எடுத்துட்டு, சுத்தாத புது டிஸ்க் வருதே, எஸ்எஸ்டி, அத போடுங்க. பந்தயம்னா, ராம் போட்டுக் காட்டுங்க. பறந்துச்சுன்னா வாங்கிக்கறேன். இல்லன்னா எஸ்எஸ்டி மாட்டுற கூலி கிடையாது, எங்க ரெண்டு பேருக்கும் பிரியாணி."

ராமை மாட்டி ஓடவிட்டார். மூன்று பேரும் காத்திருந்தார்கள். கரகர, கரகர. ஞானசேகரன் மெதுவாக, "அப்டியேதான் அரைக்குது, டிஸ்க்குதான்," என்று ஒப்புக்கொண்டார். தோற்றவர் சோதனையை மதித்தார். அந்த ஒன்றுக்காகவே மனிதரைப் பாராட்டலாம்; படித்தவர்கள் பலரிடம் இல்லாத குணம்.

பழைய டிஸ்கில் இருந்ததெல்லாம் புதியதற்கு மாறுவதற்குள் பிரியாணியை முடித்துவிட்டு வந்தார்கள். ஷோபனா சுவிட்சைப் போட்டாள். சத்தமே இல்லை. இத்தனை வருஷமாக அந்த அரைப்புச் சத்தம்தான் அவளுக்கு இயந்திரம் உயிரோடிருப்பதற்கு அடையாளம். முகம் வாடிவிட்டது.

"ஆன் ஆவலியா?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் குரல் பேசத் தொடங்கியது. ஒரு எழுத்தைத் தட்டினாள், உடனே சொன்னது. தட்டத் தட்டச் சொன்னது. குரலின் வேகத்தை ஏற்றினாள், இன்னும் ஏற்றினாள். கடை முழுக்க 'க்ரீச் க்ரீச்' என்று ஏதோ கேட்டது.

"இன்னா மேடம் இது, கொசு கத்துற மாதிரி கீது?"

"தமிழ்தான் அண்ணாத்தே. உங்க காது ஸ்லோ. அதுக்கும் ஒரு எஸ்எஸ்டி போடுங்க."

திங்கட்கிழமைத் தேர்வில் நேரம் மிச்சமிருக்கும்போதே அனுப்பிவிட்டாள். சற்று நேரத்தில் போன் வந்தது. "ரொம்ப ஆச்சரியமா இருக்கு மேடம்!" என்றார் கம்பெனி மேலாளர்.

"ஆச்சரியம் வேணாம் சார், வேலை குடுங்க."

"கொடுத்தாச்சு மேடம்."

"இன்னொண்ணு. பார்வை இல்லாதவங்களுக்கு ஒத்துவராதுன்னு முடிவு பண்ணி வெச்சிருக்கீங்களே, அத மாத்துங்க. எனக்கு அப்புறம் வர்றவங்களுக்கு அது குறுக்க நிக்கும்."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மாத்திடுறோம்," என்றார்.

அன்று மாலையே முதல் பதிவு வந்தது. எங்கோ ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டம். தலைவர் ஒரு பக்கம், உறுப்பினர்கள் ஒரு பக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவர் பேச்சுக்கு நடுவே நிஜமான மாடு ஒன்று 'ம்மா' என்றது. அதை யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் ஷோபனா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் விரல்கள் மட்டும் நிற்கவே இல்லை.