கென்யாவிலிருந்து பார்த்த மாடு

என் தோழி கைப்பேசியை மாட்டின் விலாவுக்கு அருகே பிடித்தபடி நின்ற காட்சி இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. திருமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமத்து மாட்டுக்கொட்டில். சினைப்பசுவின் உடம்பெங்கும் கொட்டைப்பாக்கு அளவில் கட்டிகள். தொட்டால் அனலாகக் கொதித்தது. திரையில் ஒரு கென்ய நாட்டுக் கால்நடை மருத்துவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"யாரு டாக்டரம்மா அது?" என்று கேட்டார் மாட்டுக்கார அக்கா.

"ஆப்பிரிக்காவுல மாட்டு டாக்டருக்கா."

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா எம் மாட்டப் பாக்குறாக!"

நானும் தோழியும் ஒரே நேரத்தில் கால்நடைத் துறையில் சேர்ந்தவர்கள். அவள் வீட்டில் சௌராஷ்டிரம், எங்களோடு மதுரைத் தமிழ், அந்தக் கென்ய மருத்துவரோடு இங்கிலீஷ் என்று மூன்றிலும் ஓயாமல் பேசுகிறவள். வெளிநாட்டுப் பயிற்சி ஒன்றில் அவளுக்கு அவர் பழக்கமானார். ஊர் திரும்பிய பிறகும் இருவரும் தத்தம் ஊர் நோய்களைப் பற்றி அளவளாவுவதை விடவில்லை. "சொந்தக்காரங்ககூட இம்புட்டுப் பேச மாட்டியே" என்று நான் கேலி செய்வேன். உடம்பெங்கும் கட்டி கிளப்பும் தோல் கழலை நோய் எங்கள் பக்கம் நுழைந்த அன்று என் கேலி அடங்கியது. நாங்கள் பாடத்தில் மட்டுமே படித்திருந்த நோயோடு அவர் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருந்தார்.

"தோல் கழலைதான். சோதனைக்கு அனுப்புங்கள், ஆனால் முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள்" என்ற மருத்துவர், திரையில் எதையோ கண்டு பதறினார். கொட்டிலுக்கு வெளியே அக்காவின் கணவர் மற்ற மாடுகளைச் சந்தைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "அந்த வண்டி நகரக் கூடாது! நலமாகத் தெரியும் மாடும் நோயைச் சுமந்து போகலாம். எங்கள் பள்ளத்தாக்கில் அப்படித்தான் பரவியது."

கணவர் கேட்பதாக இல்லை. "இதுகளும் செத்துட்டா நாங்க எங்க போறது? விடுங்கம்மா."

தோழி வாதம் செய்யவில்லை. கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீங்களே கேளுங்கண்ணே. நான் தமிழ்ல சொல்றேன்."

கணவர் திரையை நெருங்கி வந்து கேட்டார்: "அவுக ஊர்ல மாடு பொழைச்சுச்சா?"

பெரும்பாலானவை பிழைத்தன, குறிப்பாகத் தீனியும் தண்ணீரும் கொடுத்துப் புண்ணைக் கவனித்தவர்களின் மாடுகள் என்று பதில் வந்தது. என் வீட்டு மாடுகளையும் அப்படித்தான் மீட்டேன் என்றார் மருத்துவர். கணவர் வண்டிக்காரரிடம் திரும்பினார். "மாப்ள, எறக்கிருவோம்."

அங்கிருந்து தொடங்கியது எங்கள் ஓட்டம். நோய் வந்த கிராமத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் முதலில் தடுப்பூசி போட்டு, வெளியிலிருந்து உள்ளே நெருங்கி வந்தோம். ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசி. ஈயும் கொசுவும் அண்டாமல் கொட்டில்களில் புகை. சந்தைகள் மூடப்பட்டன. எங்கே தவறுவோம் என்று அந்தக் கென்ய மருத்துவருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அங்கெல்லாம் அவர் தவறியிருந்தார். அதை மறைக்காமல் சொன்னதுதான் அவர் எங்களுக்குத் தந்த பெரிய உதவி. நோய் ஊர் எல்லையிலிருந்த கண்மாயைத் தாண்டவில்லை. சினைப்பசு இளைத்துத் துரும்பானாலும் எழுந்து நின்றது, கன்றும் ஈன்றது.

சென்ற ஆண்டு அவரே எங்களை அழைத்தார். அங்கே ஆட்டுக்கொல்லி நோய். அந்த நோயை எங்களுக்கு நன்றாகத் தெரியும். சந்தையில் வாங்கிய ஆட்டைத் தனியே கட்டுவது, மந்தை மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன் பட்டிக்கே போய் ஊசி போடுவது என்று நாங்கள் பட்டுக் கற்றதையெல்லாம் தோழி சொன்னாள். மருந்து இருந்தது, முறையும் புரிந்தது. ஆனால் மேய்ப்பர்கள் ஆடுகளை விற்கத் துடித்தார்கள். அவர்களிடம் பேச மாட்டுக்கார அக்காவை அழைத்துவந்தாள் தோழி.

பால் சங்கக் கட்டடத்தில் திரை வைத்திருந்தோம். அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் மேய்ப்பர்கள் கூட்டம். அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"வித்துராதீக. நாங்களும் விக்கத்தான் வண்டியக் கொண்டாந்தோம். ஒங்க டாக்டருதான் தடுத்தாரு. அவரு பேச்சக் கேளுங்க."

தோழி அதை இங்கிலீஷில் சொன்னாள். மருத்துவர் அவர்கள் மொழியில் சொன்னார். மரத்தடியில் ஒரு முதியவர் மெல்லத் தலையசைத்தார்.

நோய் அடங்கிய செய்தி வந்தபோது தோழி அதே பால் சங்கத்தில்தான் இருந்தாள். கைப்பேசியைப் பார்த்தவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, பால் ஊற்ற அக்கா நின்ற வரிசைக்கே கேட்கும்படி தமிழில் சொன்னாள்:

"அங்க ஒருத்தரும் விக்கலயாம்க்கா! ஒருத்தரும் விக்கல!"