அடுப்புத் தகடும் ஒரு டாக்டர் பட்டமும்

"நீங்களே சொல்லிடலாமே அக்கா," என்றேன்.

"யாருகிட்ட?"

"உங்க மாமனார்கிட்டதான். 'அத்தா, ராத்திரி அடுப்புத் தகட்டை மூடாதீங்க'ன்னு. ஒரே ஒரு வரி."

புருல்கான் அக்கா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைல்ல?"

"இல்லை."

"தெரியுது."

"அப்ப உங்க வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லுங்க."

"சொன்னாரே! 'உன் பொண்டாட்டி அனுப்பிச்சாளா'ன்னு அத்தா கேட்டாரு. இவரு ஆமான்னுட்டாரு. பொய் சொல்ல வராத மனுஷன். அன்னையிலேர்ந்து அத்தா தகட்டை இன்னும் இறுக்கித்தான் மூடறாரு."

"புகை வந்தா கத்துற கருவி ஒண்ணு வாங்கிக் கொடுத்தீங்களே?"

"கத்துச்சு. அத்தா அதுலேர்ந்து பேட்டரியைக் கழட்டி ரேடியோவுல போட்டுக்கிட்டாரு. ரேடியோ இப்பத்தான் தெளிவாக் கேக்குதாம். போன வாரம் பேட்டரிக்கு நன்றின்னு சொல்லி அனுப்பியிருக்காரு."

கிர்கிஸ் மலைநாட்டு நகரமான நரினில் உள்ள பல்கலைக்கழகத்தில் நான் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த முதல் குளிர்காலம் அது. கிர்கிஸ் மொழியில் எழுதுகிறவர்களின் கட்டுரைகளை ரஷ்ய மொழியில் மாற்றிக் கொடுப்பது என் வேலை. புருல்கான் அக்காவின் ஆராய்ச்சி முழுவதும் ஒரே பொருளைப் பற்றியது: நிலக்கரி அடுப்பு எரியும் வீடுகளில் மனிதர்கள் எதைச் சுவாசிக்கிறார்கள்?

எங்கள் ஊரில் மாலையில் அடுப்பில் கரியைக் கொட்டிக் கொளுத்துவோம். படுக்கும் முன் புகைபோக்கியின் குறுக்கே உள்ள இரும்புத் தகட்டைத் தள்ளி மூடுவோம். காசு கொடுத்து வாங்கிய சூடு கூரை வழியாகப் போகக் கூடாதல்லவா? சூடு போவதில்லை. கனன்றுகொண்டிருக்கும் தணலிலிருந்து வரும் மணமில்லாத விஷக்காற்றும் போவதில்லை. சில வருடங்களில் சில வீடுகளில் காலையில் யாரும் எழுந்திருப்பதில்லை. "புகை தீண்டிருச்சு" என்று ஊர் சொல்லும். புகை என்னவோ பாம்புபோல வெளியிலிருந்து ஊர்ந்து வந்தது என்ற நினைப்பு.

அக்காவையும் ஒருமுறை தீண்டியிருக்கிறது. மணமாகி வந்த முதல் குளிர்காலத்தில், மாமனார் வீட்டு அடுப்பருகே சுருண்டு விழுந்தார். கண்பட்டுவிட்டது என்று குடும்பம் கண்டுபிடித்தது. ஆர்ச்சா மரக் கிளையைக் கொளுத்தி அவர் தலையைச் சுற்றினார்கள். புகை தீண்டியவளுக்கு மருந்தாக இன்னும் கொஞ்சம் புகை. கிளை கொண்டுவந்த பெரியம்மா கதவைச் சாத்த மறந்ததால்தான் தான் பிழைத்ததாக அக்கா சொல்வார். கிளையின் மகிமை என்பார்கள் வீட்டார். இந்தக் கருத்து வேறுபாட்டைத் தீர்க்கத்தான் அவர் டாக்டர் பட்டம் வாங்கினார் என்று சொல்லலாம். பட்டம் கிடைத்தது. வேறுபாடு தீரவில்லை.

பிஷ்கெக்கில் அமைச்சர்கள் அமர்ந்த கூட்டத்தில் அவர் பேசியபோது நான் பின்வரிசையில் இருந்தேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. ஊர் திரும்பியதும் அதே அக்கா முக்காடு கட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போவார். அங்கே மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக் கூடாது, அவருக்கு முதுகைக் காட்டக் கூடாது, கிண்ணத்தில் பாதிக்கு மேல் தேநீர் ஊற்றக் கூடாது. மாமனாருக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்று யாரும் தனியாகச் சொல்லிவைக்கவில்லை. அப்படி ஒருத்தி முளைப்பாள் என்று முன்னோர்களுக்குத் தோன்றியிருக்காது.

தனக்காக என்றால் அக்கா பேசாமல் இருந்திருப்பார். அவர் குடியிருந்த அடுக்குமாடியில் வெந்நீர்க் குழாயே அறைகளைச் சூடாக்கிவிடும். ஆனால் கடைசிக் கொழுந்தனின் மனைவி ஐஸிரெக் அந்த வீட்டில், அடுப்புக்குப் பக்கத்து அறையில், கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். காலையில் எழுந்தால் தலை வெடிக்கிறது என்றாள். குழந்தை அழுவதே இல்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறது, தங்கமான பிள்ளை என்று பக்கத்து வீட்டார் மெச்சினார்கள். விஷக்காற்றைச் சுவாசிக்கிற குழந்தையும் அப்படித்தான் தூங்கும் என்று அக்காவுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னையும் அழைத்துக்கொண்டு போனார். என் பையில் அவருடைய கட்டுரை வெளிவந்திருந்த ரஷ்யப் பத்திரிகை இருந்தது. மொழிபெயர்ப்பு என்னுடையது.

மாமனார் சாதிர்குல் அத்தா கதவுக்கு நேரெதிரே, பெரியவர்களுக்கென்று விடப்படும் மேல்முனையில், இரண்டு மெத்தைகள் மேல் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்.

"என்ன புத்தகம்மா அது?"

"பத்திரிகை அத்தா. அடுப்பைப் பத்தி எழுதியிருக்கு."

"அடுப்பைப் பத்தி எழுத என்ன இருக்கு? எங்க அச்சடிச்சது?"

"நோவோசிபிர்ஸ்க்ல."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நோவோசிபிர்ஸ்க்! பட்டாளத்துல ரெண்டு குளிர்காலம் அங்கதான் கிடந்தேன். துப்பினா எச்சில் கல்லா விழும். குளிர்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியும். படி, படி."

படித்தேன். தணலில் நீலச்சுடர் இருந்தால் விஷக்காற்று இன்னும் வருகிறது, அது அடங்கும்வரை தகட்டைத் தொடக் கூடாது என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார். "திரும்பப் படி." படித்தேன். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. ஊர் பெயரே போதுமானதாக இருந்தது. எழுதியவர் கதவருகே மண்டியிட்டு, அவர் கிண்ணத்தில் பாதியளவு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு தகடு திறந்தே இருந்ததாம். வீடு குளிர்ந்தது. அத்தா ஆட்டுத்தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். சில நாட்களில் தங்கமான பிள்ளை தெருமுனைவரை கேட்கிற மாதிரி வீறிட்டு அழ ஆரம்பித்தது. பக்கத்து வீட்டார் மெச்சுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

வசந்தகாலப் புத்தாண்டான நவ்ரூஸ் விருந்துக்குள் அத்தா ஊரின் அடுப்பு நிபுணராகிவிட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் புகைபோக்கியைத்தான் பார்த்தார், பிறகுதான் சலாம். விருந்தில் உறவினர் கூட்டத்தின் நடுவே அக்காவைக் கூப்பிட்டார்.

"மருமகளே, நீயும் புகையைப் பத்தி ஏதோ படிச்சவன்னு சொல்றாங்க. தணல்ல நீலச்சுடர் இருந்தா என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"சொல்லுங்க அத்தா," என்றார் அக்கா.

அவர் சொன்னார். கையால் சுடர் வரைந்து காட்டி, நிதானமாகச் சொன்னார். என் மொழிபெயர்ப்பின் வாக்கியங்கள் அப்படியே வந்தன. உறவினர்கள் தலையாட்டினார்கள். "படிச்சா மட்டும் போதாது, இப்படி விஷயம் தெரிஞ்சிருக்கணும்," என்று ஒரு மாமா அக்காவுக்கு எடுத்துச் சொன்னார்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்கு வாயைத் திறந்துவிட்டேன். "அத்தா, அந்தக் கட்டுரையை..." என்று தொடங்குவதற்குள் அக்கா என் முழங்கையைப் பிடித்தார். எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி எடுக்கப் போகலாம் என்று சமையலறைக்கு இழுத்துப் போனார். அங்கே ஐஸிரெக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அது விடாமல் கத்தியது.

அக்கா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவர் உயிரோட இருக்கிறவரைக்கும் அதை எழுதினது நான்தான்னு சொல்லிடாதே. சொன்னேன்னு வை, இன்னைக்கு ராத்திரியே தகட்டை மூடிடுவாரு."