புடவையில் ஏறிய புகை

அடையாறில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து நடத்தும் சின்னக் கம்பெனி அது. பழத்தை அறுக்காமல், அதன் வாசனையை வைத்தே காயா, பதமா, அழுகத் தொடங்கியதா என்று சொல்லும் கருவியை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி. உள்ளே வாசனையை உணரும் சென்சார்கள். ஆபீசில் எல்லோரும் அதை ‘மூக்கு’ என்றுதான் சொல்வார்கள்.

மூக்குக்குப் பழம் வைத்து எடுப்பது தேவானையின் வேலை. ஒரு கொய்யாவை வைத்து மூடுவாள். கம்ப்யூட்டரில் கோடு ஏறும். பழத்தை எடுத்து, பெட்டியைத் துடைத்து, சுத்தமான காற்றை ஓடவிட்டு, கோடு அடங்கியதும் அடுத்ததை வைப்பாள். சாயங்காலம் வரை இதேதான். தலையில் பூ, எண்ணெய், பவுடர், வாசனை சோப்பு எதுவும் கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகூடப் பூவில்லாமல் பஸ் ஏறுவது முதலில் என்னவோ போலிருந்தது. பிறகு பழகிப்போனது.

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரைக் குடிசைகளை எடுத்தபோது அவளுக்கும் புருஷன் பொன்னுரங்கத்துக்கும் பெரும்பாக்கத்தில், ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். லிப்ட் பாதி நாள் ஓடாது. பொன்னுரங்கம் இன்னும் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்த்தான் மூட்டை தூக்கினான். விடியலில் கிளம்பி இருட்டியபின் திரும்பும் இருவருக்கும் பேசக்கூடத் தெம்பிருக்காது. படுத்தால் அவன் இருமத் தொடங்கிவிடுவான்.

“பீடிய உட்டேன்னியே, அப்புறம் இன்னாத்துக்கு இருமுற?”

“உட்டு மாசமாவுது தேவான. நம்பினா நம்பு.”

அவள் நம்பவில்லை. சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. கடையிலேயே குடித்துவிட்டு வருகிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் மூக்கு தகராறு செய்தது. பெட்டி காலியாக இருக்கும்போதே கோடு ஏறியது. காயையும் பழத்தையும் பிரிக்கத் திணறியது. இன்ஜினியர் ஸ்ரீவத்சன், மயிலாப்பூர்ப் பையன், சென்சாரை மாற்றினான், குழாயை மாற்றினான். தேவானை லீவு போட்ட அன்று மட்டும் கருவி ஒழுங்காக ஓடியது. மறுநாள் தயங்கித் தயங்கி அவள் முன்னால் வந்து நின்றான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்கோ. உங்க முந்தானைய ஒரு நிமிஷம் பெட்டிகிட்ட பிடிக்கறீங்களா?”

பிடித்தாள். கோடு சரசரவென்று ஏறியது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. “தெனம் குளிச்சிட்டுதான் தம்பி வரேன். தோச்ச பொடவதான் கட்டிக்கினு வரேன்.”

“ஐயோ, அழுக்கு இல்லக்கா. புகை. பிளாஸ்டிக் எரியற மாதிரி எனக்கே லேசா அடிக்கறது. உங்க வீட்டுப் பக்கம் ஏதாவது எரிக்கறாளா?”

தேவானை முந்தானையை முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் பின்பக்கம், தூரத்தில் குப்பைமேடு. வெயில் ஆரம்பித்ததிலிருந்து உள்ளுக்குள் புகைந்துகொண்டேயிருந்தது. குடிவந்த புதிதில் நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தியது ஞாபகம் வந்தது. எப்போது நாற்றம் தெரியாமல் போனது என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

கம்பெனியில் ஒரு காட்டன் கோட்டும் மாற்று உடையும் கொடுத்தார்கள். வந்ததும் மாற்றிக்கொண்டாள். மூக்கு சரியாகிவிட்டது.

“ப்ராப்ளம் சால்வ்டுக்கா,” என்றான் ஸ்ரீவத்சன் சந்தோஷமாக.

“இங்க சரி தம்பி. எங்க வூட்டுக்கு இன்னா பண்றது?”

 

அன்று வீட்டில் அவள் சண்டை போடவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“பீடி இல்லய்யா. குப்பமேட்டுப் பொகை.”

“இப்பவாச்சும் நம்புறியே.”

“பொகை அடங்குற வரைக்கும் நீ கதிரேசன் வூட்ல போய் இரு.” கதிரேசன் அவன் தம்பி; சிந்தாதிரிப்பேட்டையில் ஒற்றை அறையில் குடியிருந்தான்.

“நீ?”

“அங்க இன்னும் ஒருத்தர் நீட்டிப் படுக்கத்தான் எடம் கீது. எனக்கு வேலக்கிப் போவ இதான் தோது. நான் இங்கயே கெடக்குறேன்.”

வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்குத் தெம்பில்லை. மறுநாள் ஒரு பையில் லுங்கியும் சட்டையும் எடுத்துக்கொண்டு போனான். சில வாரங்களில் இருமல் குறைந்துவிட்டதாக போனில் சொன்னான். புகை மட்டும் அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவானை அவனைப் பார்க்கப் போவாள். பேசுவதற்கு வழியெல்லாம் எவ்வளவோ சேர்த்துவைத்திருப்பாள். டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுப் பொன்னுரங்கம் வாசற்படியில் அவள் பக்கத்தில் உட்காருவான். பாதி டீயிலேயே அவளுக்குக் கண் சொக்கிவிடும். தோளில் சாய்ந்து தூங்குகிறவளை, பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அவன் எழுப்ப மாட்டான்.