கறுப்பு அடுக்கின் ஒரே ஓடு

முழங்காலிட்டு, மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, பெயிண்ட் தூரிகையால் சிமெண்டுத் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தூசியைக் கொஞ்சங்கொஞ்சமாக வெள்ளைக் காகிதத்தின் மேல் தள்ளினாள். தள்ளும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"என்ன ரோகிணி மேடம், கம்மலா?" வாசலில் சுந்தரேஷ் நின்றான். ஆய்வுக்கூடத்தின் பக்கத்து அறையில் பழம்பாறைகளிலுள்ள மகரந்தத்தை ஆராய்பவன், இவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"உள்ள வராதீங்கோ. அங்கயே நில்லுங்கோ."

"செருப்பக் கழட்டிட்டேன். மலை மந்திர் முருகன் கோயில்ல கூட இவ்வளவு கெடுபிடி இல்ல."

"கறுப்பு அடுக்கு ஓடு பறந்துடுத்து."

அவன் சிரிப்பு நின்றது.

அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓடு. பார்த்தால் சிப்பி போலிருக்கும், சிப்பி இனமல்ல. பிராக்கியோபாட் என்பார்கள். ஐம்பது கோடி வருடங்களுக்கும் முன்னால், இமயமலை எழும்பாத காலத்தில், அந்த இடத்தில் கிடந்த கடலின் தரையில் ஒரு காம்பால் எதையாவது பற்றிக்கொண்டு, தண்ணீரை வடிகட்டித் தின்று வாழ்ந்தது. மசூரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை வினிகர் போன்ற அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால் கல் கரைந்துவிடும், இந்த ஓடுகள் கரையாது. அடியில் தங்கும் வண்டலைக் காயவைத்து, நுண்ணோக்கிக்குக் கீழே பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். இந்த நாற்பத்தாறு வயதுவரை ரோகிணி செய்துவரும் வேலை அதுதான். சாயங்காலம் தில்லி மயூர் விஹார் பேருந்தில் அவள் பக்கத்தில் உட்காருகிறவர்கள், அவள் மேல் அடிக்கும் புளித்த வாடையில், ஊறுகாய் ஜாடி எங்கே என்று தேடுவார்கள்.

சாம்பல் நிற அடுக்கில் இந்த ஓடுகள் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும். அது அலையடித்த, ஆழமில்லாத கடல். அதற்குக் கீழே கறுப்பு அடுக்கு. அழுகிய சேறு, உயிர்வாயு எட்டாத தரை. அங்கே எதுவும் வாழ்ந்திருக்காது என்று ஓய்வுபெற்ற வெங்கடராமன் சார் எழுதிவைத்ததை யாரும் மறுத்ததில்லை. ரோகிணி மூன்று வருடம் கறுப்புக் கல்லைக் கரைத்தாள். வெறும் கசடுதான் வந்தது. போன வாரம் ஒன்றே ஒன்று வந்தது. மேல் அடுக்கின் ஓடுகளைவிடச் சின்னது. வளர்ச்சிக் கோடுகள் நெருக்கி நெருக்கி விழுந்திருந்தன. ஒரு நாளும் வயிறு நிறையாமல் வளர்ந்த ஓடு.

தில்லிக் குளிரில் இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. காற்று காய்ந்து கிடப்பதால் கம்பளியில் மின்சாரம் ஏறிவிடும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, தண்ணீர்க் குழாயை ஒருதரம் தொட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொட வேண்டும். இன்று விரல் விறைத்துப்போயிருந்தது. தட்டில் இருப்பது ஒரே ஒரு ஓடு, அதைக் குப்பிக்கு மாற்றுவதுதானே என்று ஸ்வெட்டரோடு உட்கார்ந்துவிட்டாள். தூரிகை அருகே போனதும் ஓடு துள்ளியது. அவ்வளவுதான்.

"போட்டோ?" என்றான் சுந்தரேஷ்.

"நாளைக்குத்தான் படம் எடுக்க எலக்ட்ரான் நுண்ணோக்கில எனக்கு நேரம்."

"அச்சா." கொஞ்ச நேரம் கதவு நிலையைச் சுரண்டினான். "மேடம், மேல் அடுக்கு ஓடு உங்க டிராயர்ல நூறு இருக்கு. அதே இனம்தானே? இருக்கறதுலயே சின்னதா ஒண்ணப் பாத்து எடுங்க. ஜல்தி வேலை முடிஞ்சுரும். யாருக்குத் தெரியும்?"

"கோடு வேற மாதிரி இருந்தது."

"நீங்க சொன்னாத்தான் வேற. நான்கூடப் பாக்கலையே."

உண்மைதான். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள். நாளைக்கு வரேன் என்று போனவன் அவன். ரோகிணி மறுபடி தூரிகையை எடுத்தாள். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

தூசியை நுண்ணோக்கிக்குக் கீழே பரப்பினாள். கம்பளி இழை, வேர்க்கடலைத் தோல், ராஜஸ்தானிலிருந்து காற்றில் வந்த மணல், எறும்பின் கால், அவளுடைய நரைமுடி. ஓடு இல்லை. மேசைக் கால்களின் இடுக்கையும் ஸ்வெட்டரின் மடிப்புகளையும் தட்டி அந்தத் தூசியையும் பார்த்தாள். ஸ்வெட்டரில் ஒரு சில்லு கிடைத்தது. மனம் குதித்தது. ஊசியால் புரட்டினாள். நகத்துணுக்கு.

தொலைபேசி அடித்தது. ஆர்.கே.புரத்திலிருந்து அக்கா மாலா.

"ஏண்டி, நாளைக்குச் சஷ்டி, கோயிலுக்கு வரயோன்னோ? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணு தொலைஞ்சுடுத்துக்கா. ஒரு ஓடு."

"ஓடா? சிப்பியா? ஐ.என்.ஏ. மார்க்கெட்ல கிலோக் கணக்குல விக்கறான், வாங்கிக்கோ!" மாலா தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். "சரி, கோச்சுக்காத. விலை ஜாஸ்தியா அது?"

"இல்லக்கா. விலையெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்பறம் என்ன? சாப்டு, தூங்கு."

பேசிவிட்டு டிராயரைத் திறந்தாள். சாம்பல் அடுக்கின் ஓடுகளில் மிகச் சின்னதைத் தேர்ந்து லென்சுக்குக் கீழே வைத்தாள். நல்ல ஓடுதான். கோடுகள் அகல அகலமாக, தாராளமாக விழுந்திருந்தன. தேவையானதெல்லாம் கிடைத்த இடத்தில் வளர்ந்தது. சுந்தரேஷ் சொன்னது சரி, படத்தைப் பார்த்து யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இதைக் காட்டினால் கறுப்புச் சேற்றில் ஏதோ வாழ்ந்தது என்று எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அங்கே வாழ்ந்தது இது இல்லை. அதை உலகத்தில் ஒருத்தி பார்த்திருந்தாள். அவளும் இதைப் பார்த்து அதுதான் என்று சொல்லிவிட்டால், அதைப் பார்த்தவர் என்று யாருமே இருக்க மாட்டார்கள்.

சாம்பல் அடுக்கு ஓட்டை அதன் குப்பியிலேயே திரும்பப் போட்டு டிராயரை மூடினாள்.

மறுநாள் பனிமூட்டம். பேருந்து தாமதமாக வந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனக்கிருந்த நேரத்தைச் சுந்தரேஷின் மகரந்தத்துக்குக் கொடுத்தாள். அவன் தாங்க்ஸ் மேடம் என்றான். எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில், காட்ட ஓடு இல்லாததால், கறுப்பு அடுக்கைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டு, அந்த அடுக்கில் உயிர்த்தடம் கிடைக்கவில்லை என்ற வெங்கடராமன் சாரின் பழைய வரியைத் தட்டச்சு செய்தாள். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு மின்சாரம் போனது. கோயிலுக்குப் போகவில்லை.