ஆணி அடிக்கும் உயரம்

1. முடிந்த படம்

“இன்னாக்கா இது, பிரஷ்ஷு தொடச்ச துணியா?” என்று பாஷா பாய் கேட்டுவிட்டார். படத்தை வரைந்த பெண் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் ஃப்ரேம் கடை. என் பெயர் பிலோமினா, வீடு சாந்தோம். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், அவசரம் ஒன்றுமில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிக்கட்டும். வேளாங்கண்ணி மாதா, முருகன், மெக்கா, கல்யாண ஜோடி, காலமான தாத்தா என்று எல்லோருக்கும் என் கடையில் சட்டம் போட்டாயிற்று. நான் போட்ட ஃப்ரேமில் மூலை இணைப்பு விட்டது என்று இதுவரை ஒருத்தரும் வந்து நின்றதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். மரம் அறுப்பது பாஷா பாய். என் வீட்டுக்காரர் போன பிறகு கடையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்தப் பெண்ணின் பெயர் ரேவதி. வேளச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அவள் கொண்டுவந்த கேன்வாஸில் ஆள் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. முழுக்கச் சாம்பல் நீலம். கீழே வலது மூலையில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று.

“முடிச்சிட்டு எடுத்தாம்மா. ஃப்ரேம் ஏறினப்புறம் கை வைக்க முடியாது” என்றேன்.

“முடிஞ்சிடுச்சும்மா.”

“எங்க முடிஞ்சிது?”

பாஷா பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். ரேவதியும் சிரித்துவிட்டாள். கோபித்துக்கொண்டு போகாமல் சிரித்தாளே, அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

டெலிவரிக்குத் தயாராக ஒரு தாத்தா போட்டோ சாய்த்து வைத்திருந்தது. அவள் அதைக் காட்டிச் சொன்னாள். “முன்னாடியெல்லாம் இந்தத் தாத்தாவ யாராவது உக்காந்து வரையணும். அப்புறம் கேமரா வந்துச்சு. மூஞ்சிய அச்சு அசலா அது எடுத்துடுது. இனிமே நமக்கு என்ன மிச்சம்னு வரையறவங்க யோசிச்சாங்க. கலரும் கோடும்தான் மிச்சம். அத வச்சே ஆரம்பிச்சாங்க. இந்த மாதிரி படம் வெளிநாட்டுல தொடங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம். நம்ம ஊர்லயும் ரொம்ப நாளா வரையறாங்கம்மா.”

“சரி, பாக்கறவன் இன்னா புரிஞ்சிக்கறது?”

“கோயில்ல நாதஸ்வரம் வாசிக்கறாங்களே, அதுல வார்த்தையா இருக்கு?”

கடைக்குத் தினமும் அந்தச் சத்தம் கேட்கும். பாஷா பாய்தான் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “அது நின்னுச்சின்னாதான்க்கா தெரியும், இன்னாமோ கொறையுதுன்னு.”

கண்ணாடி வேண்டாம், ஓரத்துக்குச் சன்னமான பீடிங் பட்டை போதும் என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

2. வாங்குகிறவர்கள்

ரேவதி சொல்லிச் சொல்லி, இந்த மாதிரி படம் வரைகிறவர்களும் வாங்குகிறவர்களும் என் கடையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். வாங்குகிறவர்களை நான் நன்றாகவே கவனித்திருக்கிறேன்.

ஒருத்தர் சோபா மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். இந்தக் கலருக்குப் பொருந்துகிற மாதிரி ஃப்ரேம் வேண்டுமாம். ஒரு அம்மா, சிநேகிதி வீட்டு ஹாலை செல்போனில் படம் பிடித்து வந்து காட்டி, “இதவிட ரெண்டு விரல் அகலமா போடுங்க” என்றார். இவர்களையும் குறை சொல்ல மாட்டேன். எப்படியோ ஒரு படம் வீட்டுக்குள் போகிறதே.

அடையாறிலிருந்து ஒரு பெரியவர் வருவார். ஃப்ரேம் போட்டு நிறுத்தியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்காருவார். படத்தையே பார்ப்பார். வாங்கிக் கொடுத்த டீயில் ஆடை படர்ந்துவிடும். முதல் தடவை உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். “ஒண்ணுமில்லம்மா. நேத்து இது வேற மாதிரி இருந்துது” என்றார். நேற்றும் அதே படம்தான்.

3. ஒரு வாரக் கெடு

தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கும் சுந்தரம், ஒரு கண்காட்சியில் ரேவதியின் அந்தச் சாம்பல் நீலப் படத்தை எடுத்தார். எடுத்தார் என்றால் இன்னும் வாங்கவில்லை. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்தை ஒரு வாரம் வீட்டில் மாட்டிப் பார்க்கலாம், ஒத்துவரவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சன்னச் சட்டம் வேண்டாம், தேக்கில் அகலமாகப் போடுங்கள் என்று அவர் கேட்டதால் படம் மறுபடி என் கடைக்கு வந்தது.

கூடவே ரேவதியும் வந்தாள். முகம் சரியில்லை.

“சொந்தக்காரங்க இல்லாம வெளியாள் எடுக்கற மொதல் படம்மா இது. அண்ணனுக்குக் கொழந்த பொறந்திருக்கு. நான் வரையற ரூம காலி பண்ணித் தான்னு அம்மா சொல்றாங்க. ஒரு படம் விக்கட்டும், அப்புறம் கேக்க மாட்டோம்னு அண்ணன் சொல்லிட்டான். இது திரும்பி வந்துச்சுன்னா பெயின்ட்டெல்லாம் மூட்ட கட்டி பரண்ல ஏத்திட வேண்டியதுதான்.”

“என் ஃப்ரேம் எதுவும் திரும்பி வந்ததில்லை, போ” என்றேன்.

படத்தைக் கொண்டுபோய் மாட்ட நானும் பாஷா பாயும் நேரிலேயே போனோம். வாசலுக்கு நேர் சுவர். சுந்தரம் நல்ல உயரம். சுவரோரம் நின்று தன் கண்ணுக்கு நேரே விரலை வைத்துக் காட்டினார். “படத்தோட நடு இங்க வரணும்.” அந்தக் கணக்குக்கே ஆணி அடித்தோம்.

மாட்டிய பிறகுதான் பார்த்தேன். மேல் சட்டத்தின் நடுவில் பித்தளைக் கொக்கி. சாமி படத்துக்கும் காலமானவர் படத்துக்கும் பூச்சரம் தொங்கவிட நாங்கள் வைப்பது.

“இன்னா பாய் இது?” என்று பல்லைக் கடித்தேன்.

“கை பழக்கம்க்கா. தேக்கப் பாத்ததும் கை அதும் பாட்டுக்கு அடிச்சிட்ச்சி.”

பிடுங்கினால் புது மரத்தில் தடம் விழும். அப்படியே விட்டோம். சுந்தரத்தின் கண்ணில் அது படவில்லை. அவர் மனைவி விசாலாட்சி அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

“என்னங்க இது, மழ பெஞ்சு சுவர் ஊறின மாதிரி? யாராவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது?”

“கேக்கட்டுமே விசாலம்.”

“அப்படி என்னதான் இருக்கு இதுல?”

சுந்தரம் படத்தைப் பார்த்தபடியே சொன்னார். “கடையில இருக்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடை, ஒரு அளவு, ஒரு பேரு. காலைலேருந்து அதையே சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இத பாத்தப்ப எதையும் சொல்ல வேணாம்னு இருந்துச்சு. அவ்ளோதான்.”

“நீங்க கடைக்குப் போயிடுவீங்க. நாள் முழுக்க இது மூஞ்சில முழிக்கப்போறது நானு. ஒரு வாரம்தான், சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை இந்தம்மா வந்து கழட்டட்டும்.”

அது நியாயமான பேச்சு. வரும் வழியெல்லாம் ஆட்டோவில் எனக்கு அதே நினைப்பு.

4. வெள்ளிக்கிழமை

அன்று காலையில் விசாலாட்சி அம்மாவிடமிருந்து போன். “ஆளக் கூட்டிட்டு வாங்க. படத்தக் கழட்டணும்.” சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ரேவதிக்குச் சொல்லியனுப்பினேன். தானும் வருவேன் என்று பழைய போர்வையோடு வந்துவிட்டாள், சுற்றி எடுத்துப்போக. பாண்டி பஜார் நெரிசலில் ஆட்டோ நகரவில்லை.

உள்ளே போனால், படத்தின் கொக்கியில் மல்லிகைச் சரம் தொங்குகிறது. படத்துக்குக் கீழே ஒரு முக்காலி.

ரேவதிக்கு முகம் சுண்டிப்போயிற்று. “என்னம்மா, செத்தவங்களுக்குப் போடற மாதிரி...”

“செத்தவங்களுக்கு மட்டுமா பூ? என் தலையில கூடத்தான் வச்சிருக்கேன்” என்றார் விசாலாட்சி அம்மா. “நீதான் வரைஞ்ச பொண்ணா? உக்காரு. சாமிக்குப் போட்டது போக ஒரு துண்டு மிச்சம் இருந்துச்சு. மேல கொக்கியப் பாத்தேன். சும்மா இருக்கேன்னு மாட்டினேன். அன்னிக்குனு பாத்து என் நாத்தனா வந்தா. வந்தவ, என்னதுன்னு கேக்கல, யாருன்னு கேட்டா! எனக்கு சிரிப்பு தாங்கல. அவ போனப்புறம் நானே உக்காந்து பாத்தேன், நெஜமா இது யாருதான்னு.”

“யாருன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“எங்க தெரிஞ்சுது! ஆனா சாயங்காலம் சன்னல் வழியா வெயில் வருது பாருங்க, அந்த மூலையில இருக்கற ஆரஞ்சு அப்படியே எழுந்துக்குது. அப்ப டிவி போடத் தோணல. அர்த்தம் கேட்டா புடவ எடுக்கறோம்? உடம்பு என்ன கலர், முந்தி என்ன கலர், கண்ணு நின்னுச்சுன்னா எடுத்துடறோம். அப்படித்தான்.”

“அப்போ எதுக்கும்மா கழட்டணும்னீங்க?”

“பின்ன? அவரு ஒசரத்துக்கு அடிச்சிட்டுப் போயிட்டீங்க. அவரு ராத்திரி வந்து நின்னுகிட்டு ரெண்டு நிமிஷம் பாக்கறாரு. நான் இங்க உக்காந்து பாக்கறேன், கழுத்து வலிக்குது. பூ மாத்தணும்னா முக்காலி ஏற வேண்டியிருக்கு. ஒரு மொழம் கீழ எறக்குங்க.”

ரேவதி போர்வையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பாஷா பாய் என் காதில், “என் கொக்கிக்கு தனியா சார்ஜ் உண்டாக்கா?” என்றார்.

விசாலாட்சி அம்மாவை அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரவைத்து, அவர் கண்ணுக்கு நேரே பென்சிலில் குறி போட்டேன். புது ஆணி அடித்தோம். பழைய ஓட்டையை வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்தோம். ஈரப் பூ கேன்வாஸில் பட்டால் கறை பிடிக்கும், அதனால் கொக்கியைக் கொஞ்சம் முன்பக்கமாக வளைத்துவிட்டேன். இதைப் பிள்ளைகள் ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

அன்று சாயங்காலம் சுந்தரம் என் கடைக்குப் போன் செய்தார். “என்னம்மா, படம் வாங்கினது நான். இப்ப நான் குனிஞ்சு பாக்கணுமா?” குரலில் சிரிப்பு இருந்தது. படம் அங்கேயே இருக்கிறது. ரேவதியின் அறை ரேவதிக்கே. அண்ணன் குழந்தைக்குத் தூளி ஹாலில் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது இந்த மாதிரி படத்தோடு யார் வந்தாலும் பீடிங் காட்டுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். வீட்டில் அதிக நேரம் இருப்பது யார், எங்கே உட்காருவார்கள் என்று. ஆணி அவர்கள் கண் உயரத்துக்கு. இந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. எந்த உயரத்தில் மாட்டினால் ஒரு வீட்டில் நிற்கும் என்று தெரியும்.