கரவனோடு டோல் வீதியா, இலவச வீதியா: நான் கேட்காமல் விட்ட கேள்வி

சென்ற ஜூனில் ஒரு சனிக்கிழமை, தங்கையின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நான். தங்கை இருப்பது அமெரிக்காவில், அல்பனி நகருக்குத் தெற்கே. அவள் வீடு விருந்தினரால் நிறைந்திருந்ததால், அமெரிக்க எல்லைக்கு வடக்கே நாங்கள் இருக்கும் கர்க்லாண்டிலிருந்து, சக்கரம் பூட்டிய சிறு வீடான எங்கள் கரவனையும் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய 500 கிலோமீற்றர். ஞானஸ்நானம் பிற்பகல் மூன்று மணிக்கு.

எல்லையிலிருந்து அல்பனி வரை நெடுஞ்சாலைக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகுதான் காசு கட்டிப் போகும் டோல் வீதியா, ஊர்களுக்குள்ளால் போகும் இலவச வீதியா என்ற கேள்வி. என் கணவர் இரண்டு கிழமையாக ஒரே பிடியில் நின்றார்.

"இஞ்சாரும், டோல் ஒண்டும் வேண்டாம். ஓசி றோட்டாலயே போவம்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. கோப்பிக் கடையில் மற்றவர்களின் பில்லையும் இழுத்துக் கட்டுகிற மனிதர். அச்சுக் கணக்கில் வாங்கும் கட்டணத்தில் கரவனின் அச்சையும் சேர்த்தால்கூட அந்தத் துண்டுக்குப் பதினைந்து டொலருக்குள்தான் வரும். வேறு என்னவோ இருக்கிறது என்று மனம் அரித்தது. கைபேசி வரைபடத்தையும் நான் நம்பவில்லை. பின்னால் ஒரு வீடு வருவது அதற்கு எங்கே தெரியும்?

பன்னிரண்டரைக்கு அல்பனியைத் தாண்டி இலவச வீதியில் இறங்கினோம். ஊருக்கு ஊர் சிக்னல். 60 கிலோமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலம். பிறகு வீதி வேலை, மாற்றுப்பாதை, அதன் முடிவில் ஒரு ரயில் பாலம். உயரம் பத்து அடி என்று பலகை. கூரை ஏசியோடு எங்கள் கரவன் பத்தரை.

"பின்னுக்கு எடுங்கோவன்."

அவர் அசையவில்லை. பின்னால் இரண்டு கார்கள் வந்து நின்றன.

"என்னப்பா, றிவேஸ் எடுக்கத் தெரியாதோ?"

"கரவனோட தெரியாது. முந்தி ஒருக்கா காசு வாங்கிற டோல் கூண்டில பிழையான லேனுக்கை போய் மாட்டுப்பட்டனான். எல்லாரும் ஹோர்ன் அடிச்சவங்கள். அதுதான் டோல் வேண்டாமெண்டனான்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்தது."

கரவன் நிறுத்தித் தங்கும் முகாம்களில் நேரே நுழைந்து நேரே வெளியேறும் இடங்களையே இவர் பதிவு செய்யும் காரணமும் அப்போதுதான் விளங்கியது. முயன்று பார்த்தார். கரவன் குறுக்கே மடங்கி வீதியையே அடைத்துவிட்டது. நாற்பது நிமிடம் கழித்துப் பிக்கப்பில் வந்த ஒருவர் தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார். கார்த் திறப்பைக் கொடுத்துவிட்டு, ஓட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவர் மூன்றே நிமிடத்தில் நிமிர்த்திவிட்டு, டோல் வீதி பக்கத்தில்தான், இப்போது கூண்டே கிடையாது, கமரா படமெடுத்து வீட்டுக்குப் பில் அனுப்பும் என்றார்.

"கூண்டே இல்லையோ?" என்றார் கணவர், மெல்ல.

ஞானஸ்நானம் நடந்த கோவிலுக்குப் போய்ச் சேர நான்கு மணி. எனக்குப் பதிலாகத் தங்கையின் மச்சாள் ஞானத்தாயாக நின்றிருந்தாள். படியில் உட்கார்ந்து அழுதேன். தங்கை குழந்தையை என் மடியில் வைத்தாள்.

போகிறவர்களுக்குச் சொல்வது: உயரத்தை ஏசியோடு சேர்த்து அளந்து, அடிக்கணக்கிலும் எழுதி வையுங்கள். மரங்கள் சூழ்ந்த சில அழகான வீதிகளில் கரவனுக்கு அனுமதியே இல்லை, பலகையைப் பாருங்கள். நேரம் குறித்த காரியம் என்றால் டோல் வீதிதான். எல்லாவற்றுக்கும் முதல், ஓட்டுகிறவருக்குப் பின்னுக்கு எடுக்க வருமா என்று தனியே, மெதுவாகக் கேளுங்கள்.

இப்போது ஞாயிறுகளில் எங்கள் ஊருக்குக் கிட்ட சென்ட் லோரன்ட் பக்கம், ஒரு களஞ்சியத்தின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் அவர் பழகுகிறார். நான் பின்னால் நின்று கை காட்டுகிறேன். இடித்துவிடுவார் என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. ஆனாலும் நான் விலகுவதில்லை.